துக்க வீட்டில் கதை கட்டலாமா?

ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால் அங்கே எப்படிப் போக வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நமக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியவர்கள் போனார்கள். அவர்கள் பின்னால் நாமும் போனோம், பார்த்துத் தெரிந்துகொண்டோம். வாசலில் நின்று சத்தமாகப் பேசுவதில்லை. வீட்டார் சொல்வதைக் கேட்கிறோமே தவிர, நம் வீட்டுக் கதையை அங்கே அவிழ்ப்பதில்லை. கிளம்பும்போது "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்வதுகூடக் கிடையாது. ஊரை விட்டு மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய பிறகும் இந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. மாடி வீட்டு மராட்டியக் குடும்பத்திலோ, எதிர்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்திலோ ஒரு துக்கம் என்றால், பாஷை சரியாக வராவிட்டாலும் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறோம்.

கதை எழுதுகிறவர்களுக்கும் இந்த மரியாதை வேண்டாமா என்பதுதான் இந்தக் கட்டுரை எழுப்பும் கேள்வி. பெரிய எழுத்தாளர்களும் சினிமாக்காரர்களும் மட்டும் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக இது முன்பு இருந்தது. இன்று நம் வீட்டில் பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகளும் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. காரணம், அவர்களில் பலர் விரும்பிப் படிப்பதும் சிலர் தாங்களே எழுதுவதுமான ரசிகர் கதைகள்.

ரசிகர் கதை என்றால் என்ன?

ஒருவர் படைத்த பாத்திரங்களை, அவர்மேல் கொண்ட பிரியத்தால் இன்னொருவர் எடுத்துக்கொண்டு மேலே கதையை வளர்ப்பதே ரசிகர் கதை. ஆங்கிலத்தில் 'ஃபேன் ஃபிக்‌ஷன்' என்கிறார்கள். பெயர் புதிதே தவிர, விஷயம் நமக்குப் புதிதல்ல. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முடிந்த இடத்திலிருந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யைத் தொடங்கினார். அகலிகை கதையைப் புதுமைப்பித்தன் 'சாப விமோசன'மாகத் திருப்பிச் சொன்னார். பிடித்த கதையை அத்துடன் விட்டுவிட மனம் வராமல் மேலும் வளர்த்துப் பார்ப்பது மனித சுபாவம்.

அமெரிக்காவில் 1966-இல் 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடர் வந்தது. மறு வருஷமே, 1967-இல், அதன் ரசிகர்கள் 'ஸ்பாக்கனேலியா' என்று தாங்களே அச்சிட்டு ஒரு சிறு பத்திரிகை கொண்டுவந்தார்கள். இன்றைய ரசிகர் கதை இயக்கத்துக்கு அது ஒரு முன்னோடி எனலாம். பிறகு கணினி வந்தது, கதைகள் பெருகின. ரசிகர்கள் தாங்களே லாப நோக்கமின்றி நடத்தும் 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற காப்பகம் 2009-இல் திறக்கப்பட்டது. விஞ்ஞானக் கதை உலகின் பெருமைக்குரிய ஹியூகோ விருது 2019-இல் அதற்குக் கிடைத்தது. ஆகவே இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. பல பேர் எழுதக் கற்றுக்கொண்ட இடம் அது. சம்பளமில்லாமல், புகழுக்கும் ஆசைப்படாமல் ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்திக் கொடுக்கும் நல்ல வழக்கமும் அங்கே உண்டு.

இதில் ஒரு கிளை, நிஜ மனிதர்களைப் பாத்திரங்களாக்கி எழுதுவது. நடிகர், பாடகர், விளையாட்டு வீரர் ஆகியோரை வேறு ஊரிலும் வேறு தொழிலிலும் வைத்து, அவர்களுக்குள் காதலையும் பிரிவையும் கற்பித்து எழுதுவார்கள். அப்படி எழுதும்போது கதைக்கு ஒரு களம் தேவைப்படுகிறது. போர், வெள்ளம், பூகம்பம் ஆகியவை வேகமான களங்கள். காப்பாற்றுவதற்கும் கண்ணீர் விடுவதற்கும் கடைசி நிமிஷத்தில் கட்டித் தழுவுவதற்கும் அவை வசதியானவை. சங்கடம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

ஹெய்ட்டியில் நடந்தது

2010 ஜனவரி 12-ஆம் தேதி மாலை 4 மணி 53 நிமிஷத்துக்கு, கரீபியன் கடலில் உள்ள ஹெய்ட்டி நாட்டை 7.0 அளவுள்ள பூகம்பம் உலுக்கியது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் ஜனாதிபதி மாளிகை இடிந்தது. பேராலயம் இடிந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் அலுவலகமும் இடிந்து அதன் ஊழியர்கள் பலர் மாண்டார்கள். இறந்தவர்கள் ஒரு லட்சம் பேர் என்று கணக்கிட்டவர்கள் உண்டு. மூன்று லட்சத்துக்கும் மேல் என்றது அந்நாட்டு அரசு. சுமார் 15 லட்சம் பேர் வீடிழந்து கூடாரங்களுக்கு வந்தார்கள்.

அப்போது ரசிகர் கதை எழுதுகிறவர்கள் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்ல வேண்டும். பூகம்பம் நடந்த அந்த மாதமே அவர்கள் கூடி ஓர் ஏலம் நடத்தினார்கள். நிவாரணத்துக்கு நீங்கள் பணம் கொடுங்கள், நீங்கள் கேட்கும் கதையை நான் எழுதித் தருகிறேன், கேட்கும் படத்தை வரைந்து தருகிறேன் என்பதே ஏற்பாடு. தங்களுக்குத் தெரிந்த ஒரே கைத்தொழிலைத் தானமாகக் கொடுத்தார்கள். துக்க வீட்டுக்குச் சமைத்த சோற்றைப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போகிற அண்டை வீட்டார் செய்கை அது.

அதே வருஷம் ஜூன் மாதம் இன்னொன்று நடந்தது. 'சூப்பர்நேச்சுரல்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் ஆண்டுதோறும் நீண்ட கதைகளுக்கென்று ஒரு விழா நடத்தி வந்தார்கள். அந்த ஆண்டு அதற்கு வந்த கதைகளில் ஒன்று, தொடரின் இரண்டு கதாநாயக நடிகர்களைப் பூகம்பம் நடந்த ஹெய்ட்டியில் வைத்து எழுதிய காதல் கதை. பூகம்பம் நடந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மக்கள் கூடாரங்களில்தான் இருந்தார்கள்.

கதை வெளியானதும் பலத்த கண்டனம் எழுந்தது. கண்டித்தவர்களும் ரசிகர்களே என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் சொன்னதன் சாரம் இரண்டு. ஒன்று, லட்சக்கணக்கானவர்கள் மடிந்த நிகழ்ச்சியை இரண்டு வெள்ளைக்காரர்களின் காதலுக்கு மேடையாக்கிவிட்டீர்கள். இரண்டு, அந்த மேடையில் ஹெய்ட்டி மக்களை மனிதர்களாக வைக்காமல், பயமுறுத்துகிறவர்களாகவும் பரிதாபத்துக்குரியவர்களாகவும் மட்டுமே வைத்திருக்கிறீர்கள். எழுதியவர் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகும் விவாதம் அடங்க நாளாயிற்று.

அந்த எழுத்தாளர் கெட்ட எண்ணத்தோடு எழுதினார் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. ஒருவேளை இரக்கத்தால்தான் அந்தக் களத்தைத் தேர்ந்திருக்கலாம். இப்படிப்பட்ட விழாக்களில் ஒரு கதையை எழுதியவர் மட்டுமல்ல, திருத்துகிறவரும் படம் போடுகிறவரும் வெளிவருமுன் பார்ப்பது வழக்கம். அத்தனை ஏற்பாடு இருந்தும் அப்படி ஒரு கதை வெளிவந்தது என்றால், தவறு ஒரு தனி மனிதருடையது என்று சொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது.

படுதாவும் மனிதர்களும்

நாடக மேடையில் பின்னால் ஒரு படுதா தொங்கும். அரண்மனை, காடு, கடற்கரை என்று அதில் வரைந்திருப்பார்கள். படுதாவில் வரைந்த மரத்துக்கு வசனம் கிடையாது. ஒரு நிஜ துயரத்தை எடுத்துக் கதை எழுதும்போது, அந்த ஊர் மக்கள் இப்படிப் படுதாவில் வரைந்த மரமாகிவிடுகிறார்கள். கதாநாயகனுக்கு ஒரு சிராய்ப்பு ஏற்பட்டால் இரண்டு பக்கம். பக்கத்துத் தெருவில் ஆயிரம் பேர் புதைந்தால் அரை வரி.

ஹெய்ட்டி விஷயத்தில் இது இன்னும் கடுமையாகப் பட்டதற்குக் காரணம் உண்டு. அந்நாட்டின் கறுப்பின அடிமைகள் தாங்களே கிளர்ந்தெழுந்து, போரிட்டு, 1804-இல் சுதந்திரக் குடியரசை நிறுவினார்கள். அப்படிப்பட்ட மக்களைப் பற்றி வெளியுலகம் சொல்லிவந்ததோ மாந்திரீகம், வறுமை, வன்முறை என்ற மூன்று மட்டுமே. பூகம்பம் நடந்த மறுநாளே, பாட் ராபர்ட்சன் என்ற அமெரிக்க மதப் பிரசாரகர், அந்நாட்டார் விடுதலைக்காகச் சாத்தானோடு உடன்படிக்கை செய்துகொண்டவர்கள் என்று தொலைக்காட்சியில் பேசினார். இடிபாடுகளுக்குள் உயிரோடு ஆட்கள் கிடந்த நேரம் அது. இந்தப் பேச்சு காதில் விழுந்த பிறகு, அதே பழைய சித்திரம் ஒரு காதல் கதையிலும் வந்தால், படிக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? கதை எழுதியவர் தனியாக ஒரு பிழை செய்ததாக அவர்களுக்குத் தோன்றாது. நூறு வருஷத்துப் பேச்சில் இன்னொரு வரியாகத்தான் தோன்றும்.

ரசிகர் கதைகளின் தலைப்பில் முன்னெச்சரிக்கை போடுவது இப்போது வழக்கம். கடுமையான வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம் என்பவை அந்தக் காப்பகத்தின் எச்சரிக்கைகளில் சில. நல்ல ஏற்பாடுதான், மனம் நொந்திருக்கும் வாசகர் அந்தப் பக்கம் போகாமல் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் 'முக்கியப் பாத்திரத்தின் மரணம்' என்ற சொற்களைச் சற்று யோசித்துப் பாருங்கள். பூகம்பக் கதையில் கதாநாயகர்கள் இருவரும் பிழைத்து, ஊர் முழுதும் மாண்டாலும் அந்த எச்சரிக்கை தேவைப்படாது. மாண்டவர்களில் யாரும் முக்கியப் பாத்திரம் இல்லையே! எச்சரிக்கைகள் படிக்கிறவரின் மனதைக் காக்கின்றன. செத்தவர்களின் மானத்தைக் காப்பது எழுதுகிறவர் பொறுப்பு.

பெரியவர்கள் காட்டிய வழி

பிள்ளைகளை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. கோடிகளைக் கொட்டிப் படமெடுக்கிறவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள்.

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கிச் சுமார் 1,500 பேர் இறந்தார்கள். 1997-இல் வந்த ஜேம்ஸ் கேமரூனின் படம் நம்மில் பலர் பார்த்தது. அதில் வரும் ஜாக், ரோஸ் இருவரும் கற்பனை. ஆனால் கப்பலின் முதல் அதிகாரி வில்லியம் மர்டாக் நிஜ மனிதர். படத்தில் ஒரு பணக்காரன் அவர் பையில் லஞ்சப் பணத்தைத் திணிக்கிறான். பிறகு அவர் பயணிகளைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்கிறார். லஞ்சம் கற்பனை. அந்த இரவில் ஓர் அதிகாரி துப்பாக்கியால் சுட்டார் என்று சிலர் சொன்னதுண்டு. அது மர்டாக்தான் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கடைசி வரை படகுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தவர் என்றே அவருடைய சொந்த ஊரான, ஸ்காட்லாந்தின் டல்பீட்டி மக்கள் அவரைப் போற்றி வந்தார்கள். உறவினர்களும் ஊராரும் வருந்திப் புகார் செய்தார்கள். 1998-இல் படக் கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவர் நேரில் அந்த ஊருக்குச் சென்று வருத்தம் தெரிவித்து, மர்டாக் பெயரால் பள்ளியில் வழங்கப்படும் பரிசுக்கு 5,000 பவுன் அளித்தார். ஆனால் படம் போன இடமெல்லாம் அந்த வருத்தம் போகவில்லை.

1999-இல் இத்தாலியில் இதே கப்பலை வைத்து ஒரு கார்ட்டூன் படம் எடுத்தார்கள். அதில் ஒரு ராட்சத ஆக்டோபஸ் கப்பலைத் தாங்கிப் பிடித்து எல்லோரையும் காப்பாற்றிவிடுகிறது! குழந்தைகள் அழக் கூடாது என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். ஒன்பது வாரக் குழந்தையாக அந்தக் கப்பலில் ஏறி, தகப்பனாரைக் கடலுக்குப் பறிகொடுத்த மில்வினா டீன் அம்மையார் அப்போது உயிரோடு இருந்தார். கேமரூனின் படத்தைக்கூட அவர் பார்க்க மறுத்தவர். கப்பலில் தப்பியவர்களில் கடைசி ஆளாக இருந்து, 2009-இல் தம் 97-வது வயதில் காலமானார்.

அண்மைக்கால உதாரணம், ஜெஃப்ரி டாமர் என்ற அமெரிக்கக் கொலைகாரனைப் பற்றி 2022-இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடர். பதினேழு பேரைக் கொன்றவன் அவன். கொலையுண்ட ஒருவரின் சகோதரி 1992-இல் கோர்ட்டில் கதறியதை நடிகையைக் கொண்டு அப்படியே நடிக்க வைத்தார்கள். அந்தச் சகோதரியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரே இதைப் பின்னர் சொல்லி வருந்தினார். தொடர் வந்த கையோடு, கொலைகாரனை அழகனாகவும் பாவப்பட்டவனாகவும் காட்டும் ரசிகர் படைப்புகளும் வந்தன. பெரியவர்கள் கதவைத் திறந்துவைத்தார்கள். பிள்ளைகள் உள்ளே நுழைந்தார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. இலவசமாக எழுதும் ரசிகருக்குப் பணலாபம் இல்லைதான். ஆனால் அடுத்தவர் துயரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் உணர்ச்சியும் ஒரு லாபமே.

அப்படியானால் எழுதவே கூடாதா?

"கதைதானே, இதற்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. துயரங்களை எழுதக் கூடாது என்றால் இலக்கியத்தில் பாதி இருக்காது. எழுதாவிட்டால் மறந்தும் போகும்.

எத்தனை வருஷம் கழித்து எழுதலாம் என்று ஒரு கணக்கு வைக்கலாமா? அதுவும் சரிப்படவில்லை. ஆதித்த கரிகாலன் கொலையுண்டது நிஜம். 'பொன்னியின் செல்வ'னில் அதைப் படிக்கும்போது, அவனுக்காக அழுத உறவினர் யாரும் இன்று இல்லை. டைட்டானிக் மூழ்கி 85 வருஷம் கழித்தும் டல்பீட்டியில் வலித்தது. மறுபக்கம் பாருங்கள்: ஹெய்ட்டியில் பிறந்த எழுத்தாளர் டானி லாஃபெரியர், பூகம்பத்தின்போது ஓர் இலக்கிய விழாவுக்காக அந்த நகரத்தில் இருந்தவர். தாம் கண்டதையெல்லாம் குறிப்பெடுத்து, அதே 2010-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சில் புத்தகமாக வெளியிட்டார். அவசரப்பட்டார் என்று அவரைக் கண்டித்து யாரும் கிளம்பவில்லை. அவர் புத்தகத்தில் அந்த ஊரார் படுதாவில் இல்லை, மேடையில் இருந்தார்கள். வேறுபாடு இதுதான்.

ஆகவே, எழுத உட்காரும் பிள்ளையிடம் நான்கு கேள்விகள் கேட்கச் சொல்லலாம்.

முதலாவது: இந்தத் துயரத்துக்காக அழுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா? இருந்தால் கை சற்று மெதுவாகப் போகட்டும்.

இரண்டாவது: அந்த ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்குக் கதையில் பெயர் இருக்கிறது? பெயர் இருந்தால் போதாது. அவர்கள் தாங்களாக ஒரு முடிவெடுக்கிறார்களா, அல்லது கதாநாயகன் வந்து காப்பாற்றுவதற்காகவே காத்திருக்கிறார்களா?

மூன்றாவது: இந்தப் பூகம்பத்தை எடுத்துவிட்டு ஒரு ரயில் தாமதத்தை வைத்தாலும் காதல் கதை அப்படியே நடக்குமா? நடக்கும் என்றால் ரயில் தாமதமே போதும். செத்தவர்களை அழைக்க வேண்டாம்.

நான்காவது: அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் எதிரில் உட்கார்ந்து இதை வாய்விட்டுப் படிக்க முடியுமா? எந்த வரியில் குரல் தடுமாறுமோ, அந்த வரியைத் திரும்ப யோசிக்க வேண்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது

நம் பிள்ளை இப்படி ஒன்று எழுதியிருப்பது தெரியவந்தால் கோபப்பட்டுக் கணினியைப் பிடுங்கி வைப்பதில் பயனில்லை. 2020 ஆகஸ்டில் சில இளைஞர்கள், நாஜிகளால் கொல்லப்பட்டவர்களாகத் தங்களை ஒப்பனை செய்துகொண்டு சிறு சிறு 'டிக்டாக்' படங்கள் வெளியிட்டார்கள். சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்ட ஆஷ்விட்ஸ் முகாமின் நினைவகம் அப்போது ஓர் அறிக்கை விட்டது. இவை மனதைப் புண்படுத்தக்கூடும், சில படங்கள் வரலாற்றை மலினப்படுத்துகின்றன என்று அது தெளிவாகச் சொன்னது. அதே மூச்சில், இளைஞர்களை அவமானப்படுத்தித் தாக்குவது நம் நோக்கமாகக் கூடாது, இது கல்வி சம்பந்தப்பட்ட ஒரு சவால் என்றும் சொன்னது. அத்தனை பெரிய துக்கத்தைக் காத்து நிற்பவர்களுக்கே அந்தப் பொறுமை இருந்தால், பெற்றோரான நமக்கும் இருக்க வேண்டும்.

பிள்ளை எழுதியதை முதலில் படிப்போம். பிறகு அந்த நிகழ்ச்சியைப் பற்றி அந்த ஊர்க்காரரே எழுதிய ஒன்றைத் தேடிச் சேர்ந்து படிப்போம். யாராவது "இது என்னைப் புண்படுத்துகிறது" என்று எழுதினால், "நான் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை" என்று வாதாடுவதற்கு முன் அவர் சொல்வதை முழுதாகக் கேட்கச் சொல்வோம்.

நமக்குப் புரியும்படி ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை நம் யாருக்கும் மறக்காது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோயிற்று. இங்கே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, ஊருக்குத் தொலைபேசி கிடைக்காமல் தவித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அடுத்த ஐந்தாவது மாதம், எங்கோ தூர தேசத்தில் ஒருவர், வேளாங்கண்ணிக் கரையில் இரண்டு வெளிநாட்டு நடிகர்கள் காதலித்ததாகக் கதை எழுதி, நம் மனிதர்களைக் கரையில் கிடக்கும் உடல்களாக மட்டும் அதில் வைத்திருந்தால் நமக்கு என்ன தோன்றியிருக்கும்? அந்த வயிற்றெரிச்சலை நினைத்துப் பார்த்தால் ஹெய்ட்டிக்காரரின் நியாயம் தானே விளங்கும்.

துக்க வீட்டுக்குப் போக வேண்டாம் என்று நம் பெரியவர்கள் சொன்னதில்லை. போகாமல் இருப்பதுதான் தவறு என்றார்கள். போனால் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்த வீட்டார் பேசுவதைக் கேட்க வேண்டும் என்றார்கள். கதை எழுதும் நம் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுப்போம்.